ஜன்னல் மாற்றிய வருடம்

டெக்சாஸ் என்றால் கடலோரச் சமவெளி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் மேற்குக் கோடியில், மலையைச் சுற்றிக்கொண்டு எல் பாசோ என்று ஓர் ஊர் இருப்பது வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் குடியிருந்த சரிவு கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயரம். காற்றில் ஈரமே கிடையாது. உதடு வெடிக்கும். கார்க் கதவைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். வந்த முதல் வாரமே என் மனைவி சொன்னாள்: "இந்த ஊருல காலைல வடகம் போட்டா மத்தியானம் பொரிச்சுத் தின்னுரலாமுங்க."

அவள் ஈரோட்டுக்காரி. கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். என் விசாவில் வந்ததால் அமெரிக்காவில் அவள் வேலைக்குப் போக முடியாது. வங்கியில் காட்டிய கெட்டிக்காரத்தனம் முழுவதையும் வீட்டுச் செலவில் காட்டினாள். நான் ஒரு வயர் ஆலையில் பொறியாளன். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. தொண்ணூற்றாறில் அந்த வீட்டை வாங்க முடிந்ததே அவளால்தான்.

வீடு அறுபதுகளில் கட்டியது. சுவர்கள் நல்ல கனம். ஜன்னல்கள்தான் மோசம். அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. மொத்தம் பதின்மூன்று. குளிர்காலத்தில் சட்டத்தில் கை வைக்க முடியாது, அவ்வளவு சில்லிடும். வசந்தம் வந்தால் பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று கிளம்பும். எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடினாலும் இடுக்கு வழியே விசில் அடித்துக்கொண்டு உள்ளே வரும். காலையில் எழுந்தால் சமையல் மேடை, சாமி படம், மகளின் தலையணை எல்லாவற்றிலும் மாவு சலித்த மாதிரி மஞ்சள் தூசி படிந்திருக்கும். அவள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவாள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. விரலால் தூசியில் பூனைப் படம் வரைந்து வைப்பாள். அதை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டு மற்றதைத் துடைப்பாள் என் மனைவி.

அடுத்த வசந்தத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடையிலிருந்து வாங்கிய சாமானைத் தூக்கிக்கொண்டு வாசல் படி ஏறினால் நடுவில் நின்றுவிடுவாள். "ஏனுங்க, இந்தத் தூசி நெஞ்சுக்குள்ளயே போய் உக்காந்துக்குது போல" என்று சிரித்தாள். டாக்டரிடம் போனோம். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, ஒவ்வாமையாக இருக்கலாம், இந்த ஊருக்குப் புதிதாக வருகிற பலருக்கும் வருவதுதான் என்றார். மூக்கில் அடிக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள் தூசி வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"சன்னலு எல்லாத்தையும் மாத்திரலாமுங்க."

"எல்லாமேயா? ரொம்ப ஆகுமே."

"எவ்வளவு ஆகும்னு நான் பாக்கறேன். நீங்க சும்மா இருங்க."

அந்தக் கோடை முழுவதும் அவளுக்கு இதே வேலை. டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி ஊரில் இருந்த ஜன்னல் கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டாள். ஈரோட்டு ராகத்தில் அவள் பேசும் ஆங்கிலத்தை முதலில் புரிந்துகொள்ளாதவர்கள்கூட, விலை பேச ஆரம்பித்ததும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து அளவெடுத்தார்கள். அவர்கள் கொடுத்த எஸ்டிமேட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் அடித்து அடித்து எழுதுவாள். மரச்சட்டம் அழகு, ஆனால் இந்த வறட்சியில் சில வருடத்தில் வெடித்துவிடும். அலுமினியம் குளிரை அப்படியே உள்ளே கடத்தும். ஆகவே வினைல். வெயிலைத் தடுக்கும் பூச்சு மேற்கிலும் தெற்கிலும் மட்டும் போதும். வடக்கு ஜன்னல்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்தது தண்ணீரில் காற்றைக் குளிர்விக்கும் கூலர். அது ஓடும்போது ஏதாவது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அதனால் நகராத பெரிய கண்ணாடி அழகாக இருக்கும் என்று ஒருவர் சொன்னபோது அவரை அன்றோடு அனுப்பிவிட்டாள்.

கடைசியாக வந்தது ஒரு நடுவயதுப் பெண். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைத் தாழ்வான ஊரில் செய்து இங்கே மேலே கொண்டுவந்தால், நடுவில் அடைத்த காற்று விரிந்து கண்ணாடி வயிறு உப்பின மாதிரி புடைக்கும் என்று விளக்கினாள். சமயத்தில் விரிசலும் விடுமாம். அதனால் காற்று வெளியேற ஓரத்தில் முடி மாதிரி மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்களாம். என் மனைவி சட்டென்று இன்னொரு கம்பெனியின் எஸ்டிமேட்டை எடுத்தாள். அதில் அந்தக் குழாயும் இருந்தது, குளிரைத் தடுக்க உள்ளே விசேஷ வாயு அடைப்பதற்குத் தனியாகக் காசும் இருந்தது.

"குழாய் வெச்சா அந்த கேஸ் உள்ளயே நிக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நிக்காது."

"அப்ப எதுக்கு அவங்க அதுக்குக் காசு கேக்கறாங்க?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஆர்டர் அவளுக்கே போனது.

எவ்வளவு குறைத்தும் மொத்தம் பத்தாயிரம் டாலரை ஒட்டி வந்தது. மேற்குப் பக்கம் மட்டும் இந்த வருடம், மற்றது பிறகு என்று நான் சொன்னேன். தவணையாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் கூலி தனி, மொத்தமாகச் செய்தால் நன்றாகக் குறையும் என்றாள் அவள். என் போனஸும் கையில் இருந்ததும் போதவில்லை. மீதிக்கு அவளே வழி சொன்னாள். டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்தோம். மகள் பிறந்ததிலிருந்து போகவில்லை. மகளை என் மனைவியின் அப்பா அம்மா பார்த்ததே கிடையாது. மூன்று டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது.

"அது வேண்டாம். நீ எவ்வளவு ஆசையா இருந்தே" என்றேன்.

"அடுத்த வருசம் போய்க்கலாமுங்க. ஈரோடு எங்க ஓடிப் போகுது? புழுதி அடிக்கறதுக்குள்ள சன்னலு வந்துரோணும். இன்னொரு வருசம் இதே மாதிரி என்னால முடியாதுங்க."

அப்பாவுக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள். மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஆமாங்கப்பா, சன்னலு மாத்தறம்" என்று இவள் சொன்னது கேட்டது. நவம்பரில் முன்பணம் கொடுத்தோம். எங்கள் அளவுக்குக் கண்ணாடி வெட்டிச் செய்து வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி அறிவிப்பு விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போனவள் அங்கேயே மயங்கி விழுந்தாள். காற்றில் அன்று தூசியே இல்லை. குளிர்ந்த, தெளிவான பகல். மருத்துவமனையில் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள், பிறகு காலிலிருந்து குழாய் விட்டுப் பார்த்தார்கள். புதிதாக வந்த நிபுணர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றுகொண்டே பேசுவதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகவும் ஏறியிருக்கிறது, இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார். தூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாருக்கு வரும், ஏன் வரும் என்று தெரியாத நோய். மருந்துகள் குறைவு. இந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் குறைச்சலாக இருப்பதால் இந்த ஊர் அவளுக்கு நாளுக்கு நாள் கெடுதல் செய்யும்.

"கடல் மட்டத்துக்குப் போய்விடுங்கள். சீக்கிரம்."

அண்ணன் இருந்த ஊரை நினைத்துக்கொண்டு அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஹூஸ்டன் எத்தனை அடி?"

"கிட்டத்தட்ட கடல் மட்டம்தான்."

காரில் வீடு திரும்பினோம். சிக்னலில் நின்றபோது, "சன்னலுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டமேங்க" என்றாள். நான் வண்டியை ஒரு கடையின் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதேன். அவள் அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆர்டரை நிறுத்த முடியாது என்று ஜன்னல் கம்பெனிப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். கண்ணாடி வெட்டியாகிவிட்டது, எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் பொருந்தாது. அவள் சொன்னது நியாயம்தான்.

என் மனைவியின் அண்ணன் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருந்தார். எண்ணெய்க் கம்பெனியில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கே பறந்து வந்தார். "மாப்ள, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. என்ற வீடு அவ வீடுதான். புள்ளையை எங்க பசங்களோடயே ஸ்கூல்ல போட்டுக்கலாம். நீங்க ஹூஸ்டன்ல வேலைக்கு ட்ரை பண்ணுங்க" என்றார். எங்கள் கிரீன் கார்டு பாதியில் இருந்தது. வேலை மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் வேலை உடனே கிடைக்க வேண்டுமே. அவளுடைய சிகிச்சை முழுவதும் என் கம்பெனி இன்ஷூரன்ஸில் ஓடியது. அதனால் இன்னொரு வேலை கையில் வராமல் இதை விட முடியாத நிலை. புத்தாண்டுக்குப் பிறகு அவளும் மகளும் கேட்டிக்குப் போனார்கள். விமானத்தில் அவளுக்கு ஆக்சிஜன் ஏற்பாடு செய்திருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர் யூ கமிங் டுமாரோ?" என்று கேட்டாள். வாரக் கடைசியில் வருவேன் என்றேன்.

கேட்டியில் முதல் சில வாரங்கள் அவளுக்கு நன்றாகவே இருந்தது. தினமும் சாயங்காலம் போன் பேசுவோம். ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசினாள். மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று பெருமையாகச் சொன்னாள். "இங்க காத்து கஞ்சி மாதிரி கெட்டியா இருக்குதுங்க" என்று சிரித்தாள். நான் ஹூஸ்டனில் இரண்டு நேர்காணலுக்குப் போய் வந்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பிய நாட்கள் அவை.

ஜன்னல்கள் பிப்ரவரியில் வந்தன. இரண்டு ஆட்கள் வந்து பழையதைப் பெயர்த்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கம்பியில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அவள் கேட்டியிலிருந்து மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"இப்ப எதைக் கழட்டறாங்க?"

"பெட்ரூம் மேக்குப் பக்கம்."

"சட்டத்தைச் சுத்தி பஞ்சு அடைக்கறாங்களா பாருங்க. அடைக்காம பூசிருவாங்க."

"அடைக்கிறாங்க."

"இழுத்துப் பாத்தீங்களா? இழுத்துப் பாருங்க. சுளுவா நகருதா?"

மறுநாள் மத்தியானம் வெளியே காற்று வீசிக்கொண்டிருந்தது. கூடத்தில் கடைசி ஜன்னலைப் பொருத்தி, அந்த ஆள் அதை இழுத்துப் பூட்டினார். அவ்வளவுதான், காற்றின் சத்தம் அறுந்துபோனது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

"ஏனுங்க? ஹலோ? லைன் கட்டாயிருச்சா?" என்றாள் அவள்.

"இல்ல, இருக்கேன்."

"அப்பறம் ஏன் சத்தமே இல்ல?"

"சன்னலை மூடிட்டாங்க."

"நல்லா வந்துருச்சு" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

பதின்மூன்றையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு, அந்த வாரக் கடைசியில் கொண்டு போனேன். நான் போனபோது அவள் வீட்டில் இல்லை. முந்தின நாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு திரும்பவும் மோசமாகி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். என்னைப் பதற வைக்க வேண்டாம் என்று போனில் சொல்லியிருக்கவில்லை. படங்களைப் படுக்கையில் பரப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்த மூலைல பூச்சு விட்டுப்போயிருக்குது பாருங்க. கூப்பிட்டுச் சொல்லுங்க, வந்து சரி பண்ணிக் குடுப்பாங்க" என்றாள். மகளின் அறைப் படத்தைப் பார்த்து, "திரையைத் துவைச்சுப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு படங்களை அடுக்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாளாச்சும் அங்க வந்து பாக்கோணுமுங்க. வெளிய புழுதி அடிக்கறப்ப உள்ள உக்காந்து டீ குடிக்கோணும்."

"டாக்டர்கிட்ட கேக்கலாம்" என்றேன். கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு ஏழெட்டு வாரம் இருந்தாள். வீட்டுக்கு வந்தாள், திரும்பச் சேர்த்தார்கள், திரும்ப வந்தாள். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆலைக்கு மச்சானின் போன் வந்தது. "மாப்ள, உடனே கிளம்பி வாங்க." விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் மஞ்சளாக இருந்தது. எதிரில் நிற்கும் விமானம் தெரியவில்லை. காற்று அடங்கினால்தான் கிளம்பும் என்றார்கள். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். நான் ஹூஸ்டனில் இறங்கியபோது மச்சான் வாசலில் நின்றிருந்தார். மத்தியானமே போய்விட்டிருந்தாள். மகள் பள்ளியில் இருந்திருக்கிறாள்.

ஈரோட்டுக்கு நான்தான் பேச வேண்டும் என்றார் மச்சான். அவருக்குக் குரல் வரவில்லை. அங்கே விடிந்திருந்தது. மாமனார் போனை எடுத்தார்.

"மாப்ளைங்களா? சொல்லுங்க."

சொன்னேன். பின்னால் எங்கோ குக்கர் விசில் கேட்டது. மாமியார் ஒன்றும் தெரியாமல் சமைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேசியாக வேண்டுமே என்பது போல அவர் கேட்டார்:

"சன்னலெல்லாம் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சுங்க மாமா."

"செரி" என்றார். பிறகுதான் அவர் குரல் உடைந்தது.

அஸ்தியை ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கால்வெஸ்டன் கடலில் கரைத்தோம். மச்சான் ஒரு படகு ஏற்பாடு செய்திருந்தார். மகள் என் மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மாதமாகப் பெரியவர்கள் பேசிய எதையெல்லாம் கேட்டிருந்தாளோ, "அப்பா, இஸ் திஸ் சீ லெவல்?" என்றாள். "ஆமா கண்ணு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள்.

பத்து நாள் கழித்து எல் பாசோவுக்குத் தனியாகத் திரும்பினேன். நான் இல்லாதபோது அங்கே இரண்டு முறை புழுதிக்காற்று அடித்திருந்தது. வாசல், கார், தபால் பெட்டி எல்லாம் மஞ்சளாகக் கிடந்தன. கதவைத் திறந்து உள்ளே போனேன். சமையல் மேடையில் கையை வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சாமி படம் சுத்தமாக இருந்தது. மகளின் அறைக்குப் போய் ஜன்னல் விளிம்பு முழுவதும் விரலை ஓட்டினேன். ஒரு துளி தூசி இல்லை. அவள் கோடை முழுவதும் பாடுபட்டு, ஊருக்குப் போகாமல், எதற்காகச் செய்தாளோ அது அத்தனை அழகாக நடந்திருந்தது. அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

கோடையில் ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. வீட்டை விற்பனைக்குப் போட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஜன்னல்களைத்தான் பாராட்டினார்கள். ஒரு ஆசிரியத் தம்பதி வாங்கினார்கள். வாங்கிய விலைக்கு மேல், ஜன்னலுக்குச் செலவழித்ததைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. அந்தப் பணத்தில் நானும் மகளும் டிசம்பரில் ஈரோட்டுக்குப் போய் வந்தோம். மாமியார் என் மகளை மடியை விட்டு இறக்கவே இல்லை. நாங்கள் கிளம்பும் நாளன்று மாமனார் என் கையை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேட்டியில் மச்சான் வீட்டுக்குப் பக்கத்திலேயே அபார்ட்மெண்ட் எடுத்தோம். மகளுக்கு மச்சானின் மனைவி தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்புவார். இரண்டாயிரத்து ஒன்றில் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "எத்தன வருசம் வாடகை குடுப்பீங்க மாப்ள? எங்க தெருவுலயே ஒரு வீடு விலைக்கு வந்திருக்குது. சும்மா பாத்துட்டு வரலாம் வாங்க" என்றார். போனோம். புது வீடு. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினாள். மேலேயிருந்து "அப்பா, கம் அண்ட் ஸீ" என்று கத்தினாள். வீட்டுத் தரகர் சமையலறையைக் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எந்தச் செலவை எங்கே குறைக்கலாம், எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்க எனக்கு ஒரு கேள்விகூடத் தெரியவில்லை.

மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவசரமில்ல மாப்ள" என்றார்.

"ஆமாங்க மச்சான்" என்றேன். மகள் இறங்கி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.